நெல்லையா, சென்னையா, கொச்சியா

ஜூன் 14, சனி

காலையிலிருந்து சாரல். எங்கள் லாட்ஜ் படுக்கை விரிப்பு ஒன்றும் காயவில்லை. பாதி மாடியில், பாதி வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே. வீடு முழுக்க ஈரத்துணி வாடை.

கொச்சி நுழைவுத்தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கைபேசியை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து, கை ஈரத்தோடு தேய்த்துத் தேய்த்துத் திறந்தால், இடம் இருக்கிறது. போன வாரம் நெல்லை. புதன்கிழமை சென்னை. இன்று கொச்சி. எழுதிய மூன்றிலும்.

அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். அவர்கள்தான் பக்கத்தில் இருந்தார்கள். “நல்லதுட்டி. மொதல்ல அந்தத் தேங்காயத் துருவி முடி, சட்னி காத்திருக்கு” என்றார்கள். ஆனால் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போனார்கள்.

ரா., என் வீட்டுக்காரர், குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில், லாட்ஜில். சனிக்கிழமை, எல்லா அறையும் நிறைந்திருக்கும். போன் போட்டேன்.

“கொச்சியும் கெடைச்சிட்டு.”

“மூணுமா?”

“மூணும்.”

பின்னால் யாரோ “அண்ணாச்சி, சுடுதண்ணி வரலையே” என்று கத்துவது கேட்டது. “வந்து பேசுதேன் சங்கரி” என்று வைத்துவிட்டார்.

ராத்திரி வரும்போது ஒரு பை மங்குஸ்தான். சந்தோஷமா என்று கேட்டேன். “பின்ன இல்லாமலா” என்றார். பழத்தை உரித்து உரித்து என் தட்டில் வைத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

கோடு போட்டு எழுதிப் பார்க்கிறேன். இடம், படிப்பு, வேலை.

நெல்லை: தினம் காலை தென்காசியிலிருந்து ரயிலில் போய் சாயங்காலம் வரலாம். எம்.எஸ்சி. இயற்பியல். பி.எஸ்சி.யில் படித்ததன் தொடர்ச்சிதான். பிறகு பி.எட்., பள்ளிக்கூட வேலை. எல்லாருக்கும் புரிகிற வேலை.

சென்னை: தரவு அறிவியல். உடனே வேலை கிடைக்கும் என்கிறார்கள். ரா.வின் அக்கா மகா மைனி வீடு அங்கே. தங்க இடம் கவலை இல்லை. பாடம்? போரடிக்காது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கொச்சி: வளிமண்டல அறிவியல். மழை, காற்று, மேகம். ஹாஸ்டல். தெரிந்தவர் யாரும் இல்லை. பாஷை தெரியாது. வேலை? தெரியவில்லை.

பிறந்த ஊர் கடையத்தில் எங்கள் வயலில் நின்றால் மேற்கே மலைமேல் மேகம் கறுப்பாகக் கவிழ்ந்திருக்கும். எங்களுக்குக் காற்று மட்டும் வரும். குற்றாலத்தில் சாரல். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டும். ஒரே மேகம், மூன்று ஊருக்கு மூன்று விதம். சின்ன வயதில் அது அநியாயம் என்று நினைத்தேன். காலேஜில்தான் அதற்குக் கணக்கு உண்டு என்று தெரிந்தது. அன்றிலிருந்து வேறு எதிலும் மனசு இவ்வளவு நின்றதில்லை.

இதை ரா.விடம் சொல்லவில்லை. “மூணுல எது ஒனக்குப் புடிச்சிருக்கு?” என்று கேட்டார். “யோசிக்கணும்” என்றேன்.

பெண் பார்க்க வந்த அன்று அப்பா ஒரே கேள்விதான் கேட்டார், “மேல படிக்க வைப்பியளா?” என்று. “அதுக்கென்ன, படிக்கட்டும்” என்றார்கள் அத்தை. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போது எனக்குக் கல்யாணமே ஒரு தடங்கலாகத்தான் தெரிந்தது. தாலி கட்டியதும் ஹாஸ்டலுக்குப் போய்விடலாம், படிப்பு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

மாசியில் கல்யாணம். இப்போது ஆனி. இந்த ஆளை இவ்வளவு பிடித்துப்போகும் என்று கணக்கில் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

வாங்க வேண்டியது: சோப்புத்தூள், கொசுவத்தி (லாட்ஜுக்கு இரண்டு பெட்டி), அத்தைக்குத் தைலம்.

அம்மா போன். மூன்று ஊர் பேரையும் சொன்னேன். கொச்சி என்றதுமே ஆரம்பித்துவிட்டாள்.

“கல்யாணமாகி ஆறு மாசம் ஆவல, ஹாஸ்டலா? ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாவ? வாழப் புடிக்காம போயிட்டான்னு சொல்லுவாவ.”

“அத்தை ஒண்ணும் சொல்லலியேம்மா.”

“அவிய சொல்ல மாட்டாவ. மனசுக்குள்ள வச்சிருப்பாவ. நெல்லைக்குப் போ. போனமா வந்தமான்னு இரு.”

அப்பாவிடம் கொடு என்றேன். அப்பா வாங்கி, “மழ உண்டுமா அங்கன?” என்று கேட்டார். உண்டு என்றேன். “இங்கன காத்துதாம்” என்றார். அவ்வளவுதான் அப்பா.

வேடிக்கை என்னவென்றால் மாமியார் வீட்டில் தடை இல்லை. பெற்ற வீட்டில் தடை. அத்தைக்குச் சென்னை பிடித்திருக்கிறது. “மகா வீட்ல இருந்துக்கலாம், அவளுக்கும் ஒத்தாச.” மாமா இறந்த பிறகு லாட்ஜைத் தனியாக நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். வேலைக்குப் போகிற படிப்பு என்றால் மரியாதை.

ஜூன் 19, வியாழன்

அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. லாட்ஜில் எல்லாரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் அத்தையும் சாப்பாடு கொண்டுபோனோம்.

மதுரையிலிருந்து வந்த ஒருவர், “அண்ணாச்சி, எப்பத்தான் தண்ணி குறையும்?” என்று ரா.வைப் பிடித்துக்கொண்டார். ரா. என்னைக் காட்டி, “எங்க வீட்டம்மாட்ட கேளுங்க. அவ ரேங்க் வாங்கிருக்கா மழையில” என்றார். மழையில் ரேங்க்! வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கைபேசியில் மேகப் படத்தை எடுத்தேன். சுற்றிப் பத்துத் தலை. இது இங்கே நகர்கிறது, அது அங்கே கலைகிறது என்று விளக்கி, “மத்தியானத்துக்கு மேல் குறைஞ்சிரும்” என்றேன்.

மத்தியானத்துக்கு மேல்தான் பிடித்தது பாருங்கள் மழை. ஆறு மணிவரை விடவில்லை.

மதுரைக்காரர் சிரித்துக்கொண்டே, “உங்க வீட்டம்மா சொன்னதுக்கு நேர் மாறால்ல அடிக்குது” என்றார். ரா. அசரவில்லை. “அதுக்குத்தான் மேல படிக்கப் போறா” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் நாங்கள் இருவர் மட்டும். அத்தை ஆட்டோவில் முன்னால் போய்விட்டார்கள். ரா. முன்பக்கம் பார்த்து ஏதோ சொன்னார். ரெயின்கோட் சலசலப்பில் கேட்கவில்லை. “என்ன?” என்றேன். மறுபடி சொன்னார். மறுபடி கேட்கவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கி, கழுத்தைத் திருப்பிக் கத்தினார்:

“திருநெல்வேலிக்கே போயேன்னேன்! நீ இல்லாம ஒரு மாதிரி இருக்கும்னேன்!”

பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

வீடு வரும்வரை அவர் முதுகில் கன்னத்தை வைத்திருந்தேன். இறங்கும்போது, “நா ஒண்ணும் கட்டாயப்படுத்தல. மனசுல இருந்திச்சு, சொல்லணும்லா” என்றார்.

சந்தோஷம். சமையலறைக்குள் போனதும் கோபம். இவ்வளவு சந்தோஷப்படுகிறேனே என்று என்மேலேயே கோபம். நெல்லை என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருக்கிறது. கொச்சி என்று சொல்லவும்.

ஜூன் 21, சனி

நாள் தள்ளிப் போயிருக்கிறது.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. புளி தீர்ந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

இன்றும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது ஒரு செய்தி ஆகிவிடும். கடையம்வரை போய்விடும். பிறகு இடம், படிப்பு, வேலை எல்லாவற்றையும் எனக்காக மற்றவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். சென்னையும் கிடையாது, கொச்சியும் கிடையாது. நெல்லைகூட அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள்.

பயம் மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. கோவிலில் ஒரு பிள்ளை தாய் தோளில் தூங்கிக்கொண்டு போனது. கோபுர வாசலில் எப்போதும்போல் காற்று ஆளைத் தள்ளியது. அதன் தலைமயிர் மட்டும் பறந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 23, திங்கள்

காலை இட்லி சாப்பிடும்போது ரா. திடீரென்று, “கொச்சிக்குப் போயிப் பாத்துட்டு வருவமா?” என்றார்.

“சீசன்லயா?” இது அத்தை.

“ரெண்டு நாளுதானம்மா. நீ பாத்துக்கிட மாட்டியா?”

அத்தை என்னைப் பார்த்தார்கள், மகனைப் பார்த்தார்கள். “நா ஒங்கப்பா இல்லாம பத்து சீசன் பாத்தவ. போய்ட்டு வா” என்றார்கள்.

கைகழுவும் இடத்தில் கேட்டேன், நீங்கள்தானே நெல்லை என்று சொன்னீர்கள் என்று. “சொன்னேன். ஆனா நீ கொச்சின்னு எழுதுன பக்கத்துல பேனாவ நெறைய நேரம் வச்சிருந்திருக்க. மை பரவிக் கெடக்கு. மத்ததப் படிக்கலட்டி, சத்தியமா. தொறந்து கெடந்திச்சு” என்றார்.

இனிமேல் இந்த நோட்டு என் சேலை அடுக்குக்கு அடியில்.

ஜூன் 25, புதன்

செங்கோட்டையில் ரயில். மேகமூட்டம். ரயிலில் பாதிப் பேர் மலையாளம்.

மலை ஏற ஆரம்பித்ததும் காற்றின் வாசனையே மாறிவிட்டது. குகைக்குள் ரயில் நுழையும்போது சின்னப் பிள்ளைகள் ஊவென்று கத்தின. ரா.வும் கத்தினார். இருபத்தெட்டு வயசு.

ஆரியங்காவு தாண்டினதும் கொட்டும் மழை. ஜன்னல் கதவை இறக்கிவிட்டோம். நாங்கள் இருவர் மட்டும் இருந்த இருக்கை. சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. “நாள் தள்ளிப் போயிருக்கு” என்றது மட்டும் தெரியும்.

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. ரொம்ப நேரம் கழித்து வந்தார். கையில் இரண்டு பழம்பொரி, மலையாளத்து வாழைப்பழ பஜ்ஜி. தலை முழுக்க மழை.

“இருந்தா இருக்கட்டும். இல்லன்னா இல்லாம இருக்கட்டும். ரெண்டுக்கும் இந்தக் காலேஜப் பாத்துட்டு வந்துருவோம்” என்றார்.

“இருந்தா எப்படிப் படிக்க?”

“தெரியல. யோசிப்போம். ஒரு வருஷம் தள்ளிப் போடலாமான்னு கேப்போம். எதுக்கும் வழி இல்லாமலா போவுது.” பழம்பொரியை என் கையில் வைத்துவிட்டு, “ஏன் இத்தன நாளா ஒத்தயில சுமந்த?” என்று கேட்டார்.

அதற்குத்தான் அழுதேன். எதிர் இருக்கைக்கு வந்த ஒரு மலையாளத்துக்காரம்மா ரா.வை முறைத்தாள். அவர்தான் அழவைத்துவிட்டார் என்று.

கொல்லத்தில் ரயில் மாறினோம். சாயங்காலம் கொச்சி. ஊரெல்லாம் தண்ணீர், ஊரெல்லாம் குடை.

ஜூன் 26, வியாழன்

பல்கலைக்கழகம். பெரிய மரங்கள், பாசி பிடித்த சுவர்கள். அலுவலகத்தில் இருந்தவர் ரா.வைக் காட்டி என்னிடம், “சேட்டனாணோ?” என்று கேட்டார், அண்ணனா என்று. ரா. அவசரமாக, “இல்ல, ஹஸ்பண்ட், ஹஸ்பண்ட்” என்றார். இரண்டு தடவை.

எங்களுக்குத் துறையைச் சுற்றிக் காட்ட ஒரு மாணவியை அனுப்பினார்கள். ஷெரின். இரண்டாம் வருஷம். பாலக்காட்டுக்காரி, தமிழ் நன்றாகவே வருகிறது. ரா. கேட்ட கேள்விகள்:

ஹாஸ்டல் கேட் எப்போது மூடும்?
தமிழ்ப் பிள்ளைகள் உண்டா?
சாம்பார் எப்படி?
படித்தால் என்ன வேலை?

கடைசிக் கேள்விக்கு ஷெரின் யோசித்துத்தான் பதில் சொன்னாள். “வானிலை ஆபீஸ் பரீட்சை எழுதலாம். சிலர் பிஎச்டி போவாங்க. எங்க சீனியர் ரெண்டு பேர் காற்றாலைக் கம்பெனிக்குப் போயிருக்காங்க. நாளைக்கு எவ்வளவு காத்து வரும்னு இன்னிக்கே சொல்ற வேலை. ஆனா எல்லாருக்கும் உடனே கிடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தவங்களும் உண்டு.”

ரா.வுக்குக் காற்றாலை மட்டும்தான் காதில் விழுந்தது. “எங்க ஊரச் சுத்தி அதுதானம்மா நிக்கி! சொரண்டப் பக்கம் போனா எண்ண முடியாது” என்றார். ஏதோ நாளைக்கே எனக்கு வேலை போட்டுவிடுவார்கள் என்பதுபோல.

எனக்கு ஒரு வருஷம் சும்மா இருந்தவர்கள்தான் காதில் விழுந்தார்கள். சென்னை என்றால் இந்த பயம் இல்லை. சுவரில் இருந்த மேகப் படங்களைப் பார்த்துக்கொண்டே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“பலூன் விடப் போறாங்க, பாக்கறீங்களா?” என்றாள் ஷெரின்.

பின்னால் ஒரு திடல். ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளைப் பலூன். அதன் கயிற்றில் கையடக்கமான ஒரு பெட்டி. ஒரு பையன் பலூனை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான், காற்று இழுத்துக்கொண்டு போய்விடாமல். ஆசிரியர் தலையை அசைத்ததும் விட்டான். சத்தமே இல்லை. ஏறியது, சின்னதாயிற்று, மேகத்துக்குள் போய்விட்டது.

உள்ளே திரையில் எண்கள் வர ஆரம்பித்தன. எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம், காற்று எந்தத் திசை. மேகத்துக்கு உள்ளே இருந்து வருகிறது. கண்ணால் பார்க்க முடியாத இடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறது. மயிர்க்கூச்செறிந்தது. ஆசிரியர் ஏதோ கேட்டார், பதில் சொன்னேன். அவர் இன்னொன்று கேட்டார், அதற்கும் சொன்னேன். நான் ஒரு கேள்வி கேட்டேன், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் ரா. வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறார். திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பார்த்ததும் சிரித்தார். கண் கலங்கினாற்போல் இருந்தது.

வெளியே வந்து குடையை விரித்துக்கொண்டே, “ஒன்ன இப்பிடி நா பாத்ததே இல்ல” என்றார்.

ஜூன் 27, வெள்ளி

நேற்று ராத்திரி, தங்கியிருந்த விடுதிக்குப் பக்கத்து மருந்துக் கடையில் ரா. போய் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கி வந்தார். காகிதத்தில் சுற்றி, அதைச் சட்டைக்குள் வைத்து, திருடிக்கொண்டு வந்ததுபோல. காலையில் பார்த்தேன்.

ஒரு கோடுதான். இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “சரி” என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி “சரி” என்றார்.

எனக்கு நிம்மதி வந்தது. அது வரும் என்று தெரியும். அதன் பின்னாலேயே வந்த இன்னொன்றைத்தான் எதிர்பார்க்கவில்லை. இல்லாத ஒன்றுக்கு எப்படி இவ்வளவு துக்கம் வரும்?

ரா. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னார்: “ரயில்ல கதவுப் பக்கம் நின்னேம்லா. அப்பவே பேரு யோசிச்சிட்டேன்.”

“என்ன பேரு?”

“சொல்ல மாட்டேன். அது வரும்போது சொல்லுதேன்.”

போய் அவர் பக்கத்தில் நின்றேன். கீழே ரோட்டில் பள்ளிக்கூட பஸ் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. பிறகு அவர் பசிக்கிறது என்றார். புட்டும் கடலையும்.

ஜூன் 28, சனி. தென்காசி

வயிற்று வலி. வந்துவிட்டது. வெந்நீர்ப் பை.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். கொச்சி. சொன்னபோது குரல் நடுங்கவில்லை, அது ஆச்சரியம்.

“சென்னைன்னா மகா இருக்கா. அங்கன யாரு இருக்கா ஒனக்கு?” என்றார்கள்.

“யாரும் இல்ல அத்தை.”

“வேல கெடைக்குமா?”

“உறுதியாச் சொல்ல முடியாது.”

“பின்ன எதுக்குட்டி?”

மேகம், மலை, கடையத்துக் காற்று எல்லாம் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, “நீ இவ்வளவு பேசி இன்னைக்குத்தான் பாக்கேன்” என்றார்கள். மகன் சொன்ன அதே மாதிரி.

சாயங்காலம் அம்மா போன். அத்தை எடுத்தார்கள். நான் அடுத்த அறையில். கேட்டது ஒரு பக்கம் மட்டும்:

“ஆமா சம்பந்தி, கொச்சிதாம்... இல்ல, சண்டையுமில்ல, ஒண்ணுமில்ல... ஊருக்கென்ன வேல, சொல்லத்தான் செய்யும்... இங்கேருங்க. ஒங்க மவள எங்களுக்குத் தந்துட்டிய. இப்ப அவ எங்க வீட்டுப் பிள்ள. எங்க வீட்டுப் பிள்ள படிக்கப் போவுது. நீங்க முறுக்குச் சுட்டுக் குடுங்க, போதும்.”

ஜூலை 3, வியாழன்

திங்கள்கிழமையே கட்டணம் கட்டியாச்சு. இடம் உறுதி.

அன்றிலிருந்து ரா. சரியில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்கிறார். நாலாம் நம்பர் அறைச் சாவியை நான்தான் தொலைத்தேன் என்றார். அவர் சட்டைப் பையில் இருந்தது. இன்று ஒரு ஈரத்துண்டுக்குச் சண்டை. நாற்காலியில் போட்டேனாம்.

“இதுக்கு எதுக்கு இப்படிச் சத்தம் போடுதிய?” என்றேன்.

“நீ போயிருவ. நா யார்ட்ட சத்தம் போட?” என்று கத்தினார். கத்திவிட்டு அவரே பயந்துபோனார்.

“நீங்கதானே கூட்டிட்டுப் போனிய?”

“கூட்டிட்டுப் போனேன். போவக் கூடாதுன்னா சொல்லுதேன்? கஷ்டமா இருக்குன்னு சொல்லக் கூடாதா?”

சொல்லலாம். சொல்லாமல் உப்பில்லை என்றால் எனக்கு எப்படித் தெரியும்? இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன். ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்று நான் லாட்ஜுக்குப் போனேன். அறை கூட்டிப் பெருக்கும் செல்வியக்கா வரவில்லை. மூன்று அறை விரிப்பு நானும் ரா.வும் சேர்ந்து மாற்றினோம். விரிப்பின் ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில். மடித்துக்கொண்டே கிட்டே வருவோம், நீட்டிக்கொண்டே விலகுவோம். மூன்றாவது அறையில் கிட்டே வந்தபோது, “நேத்து தப்புதாம்” என்றார். “நானும் நேத்து பூரா பேசாம இருந்தது தப்பு” என்றேன்.

பிறகு சொன்னேன், எனக்கும் பயமாக இருக்கிறது என்று. ஹாஸ்டலில் யாரோடும் ஒட்டாமல் போய்விடுமோ, பாடம் தலைக்கு மேல் போகுமோ, இரண்டு வருஷத்தில் நீங்கள் வேறு ஆளாகிவிடுவீர்களோ. ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டார்.

“நா வேற ஆளா ஆவ மாட்டேன். எனக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் கெடையாது” என்றார்.

சிரித்துவிட்டேன். வாசலில் ஒரு விருந்தாளி, “அறை ரெடியா அண்ணாச்சி?” என்று எட்டிப் பார்த்தார்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா அப்பா வந்தார்கள். முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகாய், ஒரு கம்பளிச் சட்டை.

“கொச்சியில குளிராதும்மா.”

“மழ ஊருன்னு சொன்னியே.” பையில் திணித்துவிட்டாள்.

மாடியில் துணி எடுக்கும்போது தனியாகப் பிடித்துக்கொண்டாள். “நா வேண்டாம்னு சொன்னது ஊருக்காவ இல்லட்டி. நீ அங்கன போயி, இந்தப் பையன் மனசு மாறி, ஒனக்கு ரெண்டு பக்கமும் இல்லாம போயிருமோன்னுதாம்.”

“அவரு அப்படி இல்லம்மா.”

“கீழ பாத்தேன். ஒன் பெட்டிக்குப் பூட்டு வாங்கிட்டு வந்து, நாலு தடவ பூட்டித் தொறந்து பாக்காரு.” கொஞ்சம் நிறுத்தி, “நல்ல பையந்தாம்” என்றாள். கல்யாணம் பேசும்போதுகூட அவள் இதைச் சொல்லவில்லை.

அப்பா போகும்போது, “அங்கருந்து எங்க ஊருக்கு மழ எப்ப வரும்னு பாத்துச் சொல்லு” என்றார். அவரிடமிருந்து இவ்வளவு நீள வாக்கியம் அபூர்வம்.

ஜூலை 19, சனி. கொச்சி

ஹாஸ்டல். இரண்டாம் மாடி, இரண்டு பேர் அறை. கட்டில் ஆடுகிறது. ரா. பழைய பேப்பரை மடித்துக் காலுக்கு அடியில் வைத்தார். ஆண்கள் உள்ளே வர இன்று மட்டும் அனுமதி. வார்டன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அறைத்தோழி அனு. கோட்டயம். நிறையச் சிரிக்கிறாள். பாதி புரிகிறது.

ரா. பக்கத்திலேயே ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார். நாளைக் காலை ரயில்.

ஜூலை 20, ஞாயிறு

ரயில் நிலையத்துக்கு நானும் போனேன். நல்ல வெயில், அதிசயமாக. பெரிதாக ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கினார், அதை என் கையிலேயே கொடுத்துவிட்டு ஏறிவிட்டார். ரயில் நகரும்போதுதான் ஞாபகம் வந்து நீட்டினேன். கை எட்டவில்லை. “நீயே குடி!” என்று கத்தினார். சிரித்துக்கொண்டிருந்தோம், இரண்டு பேரும். வளைவு திரும்பிய பிறகு நான் பிளாட்பார பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் எழுந்தேன்.

காயங்குளத்தில் ஒரு போன்: “சாப்ட்டியா?” கொல்லத்தில் ஒரு போன்: “பக்கத்து சீட்டுல ஒரு ஆளு கொறட்ட.” புனலூரில் ஒரு போன்: “சும்மாதாம்.”

நாளைக்கு வேண்டியது: சான்றிதழ் நகல், போட்டோ, குடை. ஒன்பதரைக்கு முதல் வகுப்பு.

அனு கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாள், லவ் மேரேஜா என்று.

இல்லை, வீட்டில் பார்த்தது என்றேன்.

நம்பவில்லை. என் கைபேசியைக் காட்டி, “பின்னே இது?” என்றாள்.

எனக்கு மலையாளம் வரவில்லை, அவளுக்குத் தமிழ் வராது. “இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு” என்றேன். புரிந்ததோ இல்லையோ, தலையணையை என்மேல் எறிந்தாள்.

புனலூருக்குப் பிறகு போன் இல்லை. மலைக்குள் சிக்னல் இருக்காது. குகைகள். அதெல்லாம் தெரிந்தும் கைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே மேகம் கூடிவிட்டது. கிழக்கே போகிறது. சாயங்காலத்துக்குள் குற்றாலத்துக்குச் சாரல் போய்ச் சேரும் என்று நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம்.

கைபேசி அடிக்கிறது. மலை தாண்டிவிட்டார்.